கல்பிறிட்டும் கட்டாக் கருவாடும்

புஸ்பராணிக்கு அருவருப்பு விரல் நுனியில்தான் தொடங்கும். மற்றவர்களுக்கு மூக்கில் வருவது அவளுக்குப் பெருவிரலில் வரும். சல்லி என்ற ஊருக்கு வடக்கே, மூன்று பனையும் ஒரு இடிந்த கிணறும் அடையாளமாக நிற்கிற சின்னக் கரையில், நாற்பது வருடமாக மீனைப் பிளந்து உப்புப் போட்டுக் காயவைக்கிறவள் அவள். மீனின் முதுகில் பெருவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அது எந்த நேரம் செத்தது, வலையில் செத்ததா தூண்டிலில் செத்ததா, சாகும்போது யாரைத் திட்டிக்கொண்டு செத்தது என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள் என்று கரையில் பேச்சு. கடைசியை மட்டும் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். மீன் திட்டாது, மனிசர்தான் திட்டுவினம் என்பாள்.

அப்படித் திட்டுவதற்கென்றே அந்தக் கரைக்கு ஓர் ஆங்கிலச் சொல் வந்து சேர்ந்தது. கல்பிறிட். ஆங்கில எழுத்தில் culprit.

கொண்டுவந்தவர் இரத்தினசிங்கம். ரவுண் என்று கரை சொல்லுகிற பட்டணத்தில் ஏதோ ஒரு கந்தோரில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்துவிட்டு, ஓய்வுபெற்று வந்து கரைச் சங்கத்துக்குச் செயலாளரானவர். அவரிடம் ஒரு தடித்த ஆங்கில அகராதி இருந்தது. சுனாமி அவருடைய கதவையும் கட்டிலையும் கோழிக்கூட்டையும் அள்ளிக்கொண்டு போனது. அகராதியை மட்டும் மூன்றாம் நாள் வாசற்படியில் திரும்பக் கொண்டுவந்து வைத்ததாம். அதைக் கடல் தனக்குச் செய்த மரியாதை என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடலாலும் வாசிக்க ஏலாமல் போயிருக்கும் என்றாள் புஸ்பராணி. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் அவ்வளவு ஒத்துவராது.

முதல் கல்பிறிட் ஒரு காகம். காயப்போட்ட சூடை மீனைக் கொத்திக்கொண்டு போன காகத்தைப் பார்த்து, வெற்றிலை நிறைந்த வாயோடு இரத்தினசிங்கம் அந்தச் சொல்லைத் துப்பினார். கரைக்கு அது பிடித்துப்போய்விட்டது. அடுத்த கிழமை பிடிவாதம் பிடித்த இன்ஜின் கல்பிறிட். அதற்கடுத்த கிழமை சோளகக் காற்று கல்பிறிட். குசினியில் பால் திரைந்தால் பாலும் கல்பிறிட். நாக்கில் உருட்டிப்பார்க்க நல்ல சாமான்தான். தொடக்கத்தில் ஒரு இடி, கடைசியில் ஒரு வெட்டு.

அது மனிதர்மேல் ஏறியபோதுதான் புஸ்பராணிக்குப் பெருவிரல் கூசத் தொடங்கியது. அந்தக் கரையில் ஒருவனைக் கள்ளன் என்று தமிழில் சொல்லுவது லேசான காரியம் இல்லை. சொன்ன வாய் மூடுவதற்குள் அவனுடைய தாய் விளக்குமாற்றோடு வந்து நிற்பாள். தாய் இல்லாவிட்டால் பெரியம்மா வருவாள். யாரும் இல்லாவிட்டால் அவனே வந்து கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணு என்று கையைப் பிடித்து இழுப்பான். ஆகவே கள்ளன் என்று சொல்ல முதல் எவரும் மூன்று தரம் யோசிப்பார்கள். கல்பிறிட் என்பதற்கு அந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. அந்தச் சொல்லுக்குக் கரையில் இனசனம் இல்லை, கோயில் இல்லை, கற்பூரம் இல்லை. கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு வந்த கெட்ட வார்த்தை. சொன்னவன் படித்தவனாகிவிடுவான், கேட்டவன் பேச்சில்லாமல் நிற்பான். இரத்தினசிங்கம் ஒருவரைப் பார்த்து அதைச் சொல்லும்போது கடைவாயில் சிவப்பாக ஒரு துளி எட்டிப்பார்க்கும். அதைப் பார்த்தால் அவள் பெருவிரலைச் சேலையில் துடைத்துக்கொள்வாள்.

அந்த அருவருப்புக்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு.

அவளுடைய தகப்பன் வெடி போட்டு மீன் பிடித்தவர். போத்தலுக்குள் மருந்தடைத்து, திரி கொளுத்தி, மீன் மொய்க்கிற இடம் பார்த்து எறிகிற தொழில். ஒரு நாள் திரி அவரைவிட அவசரப்பட்டது. வலக்கை மணிக்கட்டோடு போய்விட்டது. அப்போது புஸ்பராணிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவருடைய கத்தியை அவள் எடுத்தாள். கை போன பிறகும் அவர் விடவில்லை, இடக்கையால் எறிந்தார். அவர் கொண்டுவருகிற மீனை அவள்தான் பிளப்பாள். வெளியில் பார்த்தால் மீன் நல்ல வடிவாக, ஒரு கீறல் இல்லாமல் இருக்கும். உள்ளே நடுமுள் முறிந்து, காற்றுப்பை வெடித்து, முள்ளோடு ஒட்டிக் கறுத்த இரத்தம் கட்டியிருக்கும். குடல் எது, ஈரல் எது என்று பிரித்தறிய முடியாத ஒரு கூழ். தசை விரலுக்குள் நசியும். அதை வெட்டி, அதையே காய்ச்சி, அதையே தின்று வளர்ந்தவள் அவள். தகப்பன் செத்த அன்று மூன்று முறை கடலில் கை கழுவினாள். இனி வெடி மீன், கருவாடு போடுகிற தன் வாடிக்குள் வராது என்று யாருக்கும் கேட்காமல் சொல்லிக்கொண்டாள். கலியாணம் கட்டினாள், புருசன் காய்ச்சலில் போனான், சண்டைக் காலத்தில் நாலு தரம் இடம்பெயர்ந்தாள், கடல் ஒரு தரம் வாடியைத் துடைத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து அதே மூன்று பனைக்குக் கீழே தடி நட்டு, ஓலை வேய்ந்து, கத்தி தீட்டினாள். முப்பத்தைந்து வருடம் தனக்குக் கொடுத்த அந்த வாக்கும் நின்றது.

இந்த வருடம் பங்குனியில்தான் அது கெட்டது.

வாடைக் காற்று அடித்து ஓய்ந்த நேரம். மூன்று மாதமாக மீனும் வருமானமும் இல்லாமல், காயப்போடுகிற பாய்கள் சுருட்டியபடி கிடந்தன. ஒரு பின்னேரம் சிவரூபன் மோட்டார் சைக்கிளில் வாடியின் பின்பக்கமாக வந்து ஒரு பெட்டி கட்டா மீனை இறக்கினான். சிவரூபன் செயலாளர் இரத்தினசிங்கத்தின் மச்சான், மனைவியின் தம்பி. சொந்தமாக வள்ளம் வைத்திருப்பவன். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போகிற ஒரே ஆள். வடக்கே யாரோ பிடித்ததாம், தான் ஏற்றிவந்தானாம். அவள் முதல் மீனின் முதுகில் பெருவிரலை வைத்தாள். விரல் உள்ளே போனது.

பெருவிரல் சொன்னது; வாய் கேட்கவில்லை. அவள் கத்தியை எடுத்தாள், பிளந்தாள், பழைய கூழ் பழையபடி வழிந்தது. கையை உதறிவிட்டு உப்பை அள்ளினாள். அடுத்த நாளும் பெட்டி வந்தது. அதற்கடுத்த நாளும். இரண்டு கிழமை வந்தது. அந்தக் கருவாட்டை முன்பக்கத்துப் பாயில் போடாமல், பின்னால் பழைய வலைக்குக் கீழே காயவைத்தாள். யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதற்காக என்று நினைத்தால் பிழை. தனக்குப் பார்க்க ஏலாமல் இருந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை, விடிந்து வெயில் ஏறும் நேரம், கற்பாறைக்கு அப்பால் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. கடலுக்கு அடியில் யாரோ கதவை அடித்துச் சாத்தியது போல ஒரு மொத்தல். சட்டம் தடுத்த வெடியை யாரோ போட்டிருக்கிறார்கள் என்று கரையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அரைமணித்தியாலத்தில் முதல் வள்ளம் வந்தது. அது நஸ்ரியின் வள்ளம். நஸ்ரி இறக்கக்கண்டிக்காரன், இங்கே மீன் இறக்கினால் ரவுண் கிட்ட என்று பன்னிரண்டு வருடமாக இந்தக் கரைக்கு வருகிறவன். மற்ற வள்ளங்கள் வெறுமையாக வந்த அன்று அவனுடைய வள்ளத்தில் மூன்று பெட்டி கட்டா பளபளத்தது.

இரத்தினசிங்கத்துக்கு அது காணும். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றி, எல்லோருக்கும் கேட்கும்படி அந்தச் சொல்லைச் சொன்னார். நாலைந்து பேர் அதை வாங்கித் திரும்பச் சொன்னார்கள். நஸ்ரியோடு ஒன்றாகப் பிளேன்ரீ குடித்தவர்கள், அவனுடைய மகளின் கலியாணத்தில் புரியாணி தின்றவர்கள், அவனிடம் இன்ஜின் சாமான் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவர்கள். தமிழில் கேட்டிருந்தால் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து, மறுபக்கத்தால் கரையை அணைத்துக்கொண்டு சிவரூபனின் வள்ளம் வந்ததை எவரும் கணக்கெடுக்கவில்லை.

சங்கம் அங்கேயே கூடி முடிவெடுத்தது. சனிக்கிழமை காலை கடற்றொழில் உத்தியோகத்தர் வருவார். அவரிடம் கடிதம் கொடுப்பது. நஸ்ரியின் தொழில் அனுமதியை ரத்துச் செய்து வள்ளத்தையும் எடுத்துவிடும்படி கேட்பது. அதுவரை மூன்று பெட்டி மீனும் எவிடன்ஸ்.

எவிடன்ஸ் நாறத் தொடங்கினால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். ஐஸ் கிடையாது. சனிக்கு ஐந்து நாள் இருந்தது. புதைத்துவிடலாம் என்றால், கட்டாவைப் புதைக்கிறதோ, பாவமில்லையோ என்று இன்னொருவர் பதறினார். ஆளைக் குற்றம் சாட்டியதில் வராத பாவம் மீனில் வந்தது. கடைசியில் இரத்தினசிங்கமே வழி கண்டார். புஸ்பராணியிடம் கொடுத்து உப்புப் போட்டுக் காயவைப்பது. விசாரணை முடிந்தால் கருவாட்டைச் சங்கம் பங்கிட்டுக்கொள்வது. பிரிட்டிஷ்காரன் காலத்திலிருந்து எத்தனையோ கோட்டு விசாரணை இந்தத் தீவில் நடந்திருக்கிறது. சாட்சியைப் பிளந்து, குடல் எடுத்து, உப்புத் தடவி வெயிலில் போட்ட கோட்டு இது ஒன்றுதான்.

புஸ்பராணி பிளந்தாள். கட்டாவை வயிற்றால் வெட்டுவதில்லை. முதுகால் பிளந்து, புத்தகம் விரிப்பதுபோல விரித்து, நடுமுள்ளை ஒரு பக்கத்தில் விட்டுவிடுவது அந்தக் கரையின் வழக்கம். முதல் மீனை விரித்தாள். நடுமுள் கோடு போட்டதுபோல நேராக இருந்தது. காற்றுப்பை முழுசு. செவுளுக்குப் பின்னால் வலைக்கண் இறுக்கிய தழும்பு வளையமாக ஓடியது. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது. மூன்று பெட்டியிலும் முறிந்த முள் ஒன்றுகூட இல்லை.

நஸ்ரி வாடி வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. சாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் மீனைத் தானே பார்க்கக் கூச்சப்படுகிறவன்போல நின்றான்.

"அக்கா, வெட்டுறது நீங்கதான். நான் வெடி போடல்ல எண்டு முள்ளப் பாத்தா உங்களுக்குத் தெரியாதா?"

"பாக்கிறன், தம்பி."

"பாத்துட்டுச் சொல்லுவீங்களா?"

அவள் உப்புச் சட்டிக்குள் கையை விட்டாள். உப்புக் காணாது, இன்னும் அள்ள வேண்டும் என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். பன்னிரண்டு வருடமாக அவளுக்கு மீன் தந்தவன் மணலில் திரும்பி நடந்தான். அவன் போன பிறகு அவள் தன் கையை மணந்து பார்த்தாள். நல்ல மீன் மணம்தான். ஆனாலும் கழுவினாள். திரும்பவும் கழுவினாள்.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நஸ்ரி போடவில்லை என்றால் யார் போட்டது என்று கேட்பார்கள். யாருடையது என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பின்பக்கத்து வலையைத் தூக்கிக் காட்டவேண்டி வரும். பிறகு அந்தக் கரையில் அவளுக்கு மீன் கொடுக்கச் சங்கம் விடுமோ விடாதோ. சொல்லாவிட்டால் நஸ்ரியின் வள்ளம் போகும். இவ்வளவுதான். தராசு தேவையில்லாத விசயம். ஆனாலும் செவ்வாயும் புதனும் அவள் தராசைத் தூக்கிக்கொண்டே திரிந்தாள்.

வியாழக்கிழமை கருவாட்டுப் பார்சல் ஒன்றோடு ரவுணுக்குப் போனாள். கோட்டுக்குப் பக்கத்தில் தட்டச்சுக் கடை வைத்திருக்கிற றுக்கியா அவளோடு ஆறாம் வகுப்பு வரை படித்தவள். சட்டத்தரணிமாருக்கு மனு அடித்து அடித்து, அரைச் சட்டத்தரணி ஆகிவிட்டவள். அவளிடம் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்க வேண்டும் என்று புஸ்பராணி நினைத்துக்கொண்டு போனாள். கேட்க வேண்டியிருக்கவில்லை. றுக்கியாவின் கணினித் திரையிலேயே அது நின்றது. இரத்தினசிங்கம் முதல் நாள்தான் கடிதத்தை அடிக்கக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இறக்கக்கண்டியைச் சேர்ந்த நஸ்ரி என்ற பெயருக்குப் பக்கத்தில், பட்டம்போல, அந்த ஆங்கிலச் சொல்.

றுக்கியா கருவாட்டை மணந்துவிட்டுச் சிரித்தாள். கோட்டில் அப்படி ஒரு சொல்லே பாவிக்கிறதில்லை என்றாள். பிடிக்கிற நேரம் ஆள் சந்தேகநபர். வழக்குப் போட்டால் எதிரி. நீதவான் தீர்ப்புச் சொன்னால்தான் குற்றவாளி. மூன்று படி. ஒவ்வொரு படியிலும் ஏறுவதற்கு ஆட்கள் சம்பளம் வாங்குகிறார்கள். இந்தச் சொல் பேப்பர்காரரும் பள்ளிக்கூட ரீச்சர்மாரும் பாவிக்கிறது. மூன்று படியையும் ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடும்.

பிறகு அவள் தன் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டு வைத்திருந்த கதையைச் சொன்னாள். பழைய காலத்து இங்கிலாந்தில் கோட்டுப் பாசை பிரெஞ்சு. கூண்டில் நிற்கிறவன் நான் செய்யவில்லை என்று சொன்னால், கோட்டு எழுதுவினைஞர் எழும்பி, நீ குற்றவாளிதான், அதை நிரூபிக்க நாங்கள் ஆயத்தம் என்று பதில் சொல்ல வேண்டும். அந்த நீட்டு வசனத்தை ஒவ்வொரு ஆளுக்கும் எழுதக் கை நொந்த எழுதுவினைஞர்மார் அதைச் சுருக்கி கல், பிறிட் என்று இரண்டு துண்டாக எழுதிவைத்தார்கள். காலம் போக, அந்தப் பிரெஞ்சு மறந்துபோய், பின்னால் வந்தவர்கள் அந்தத் துண்டுகளைச் சேர்த்து வாசித்து, அது நிற்கிறவனுடைய பெயராக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

"அப்ப நிரூபிக்கிறம் எண்ட கதை எங்க போனது?" என்று புஸ்பராணி கேட்டாள்.

"அது சுருக்கத்துக்குள்ள போயிட்டுது. பட்டம் மட்டும்தான் மிஞ்சினது."

எழுதுவினைஞர்மாரின் வேலை எந்த நாட்டிலும் ஒன்றுதான் என்று புஸ்பராணி நினைத்தாள். ஒருவனுக்குக் கை நொந்ததால் இன்னொருவனுக்குப் பெயர் கெட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு இரத்தினசிங்கத்தின் கடைவாயில் எட்டிப்பார்க்கும் சிவப்புத் துளி ஞாபகம் வந்தது. ஆனால் அருவருப்பு அவரிடம் போய் நிற்கவில்லை. திரும்பி வந்து அவளுடைய பெருவிரலிலேயே குந்தியது. நிரூபிக்கத் தேவையான முள் எல்லாம் அவளுடைய பாயில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்து கெடுத்தார். அவள் மூடிக் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சங்கக் கட்டிடத்தில் சனம் நிறைந்தது. அன்று தொழிலுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஒருவனுக்கு வள்ளம் போவதைப் பார்க்கிற ருசி வேறு எதில் வரும். நஸ்ரி சுவரோடு நின்றான். பக்கத்தில் மூன்று கதிரை வெறுமையாகக் கிடந்தும் யாரும் இருக்கவில்லை. சிவரூபன் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றான், தோய்த்து மடித்த வெள்ளைச் சேட்டோடு. உத்தியோகத்தர் இளம் ஆள். ஹெல்மெற்றை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். இரத்தினசிங்கம் கடிதத்தை எடுத்துத் தொண்டையைச் செருமினார்.

புஸ்பராணி இரண்டு சாக்கோடு உள்ளே வந்தாள்.

"அண்ணை, வாசிக்க முதல் சாட்சியைப் பாருங்கோ."

இரத்தினசிங்கத்துக்கு அது பிடித்திருந்தது. எவிடன்ஸ் என்று உத்தியோகத்தருக்கு விளங்கப்படுத்தி, மேசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அவள் முதல் சாக்கை அவிழ்த்துப் பத்துக் கருவாட்டை வரிசையாக விரித்தாள். நன்றாகக் காய்ந்து, தேன் நிறத்தில் இருந்தன. பத்திலும் நடுமுள் நேராக ஓடியது. பச்சை மீனாக இருந்திருந்தால் நாறிப்போய் எப்போதோ கடலுக்குப் போயிருக்கும். கட்டா வீணாகக்கூடாது என்ற சங்கத்தின் பேராசைதான் அந்த முள்ளை ஐந்து நாள் காப்பாற்றி வைத்திருந்தது. பிறகு இரண்டாவது சாக்கை அவிழ்த்தாள். முன்வரிசை பின்னால் நகர்ந்தது. அந்தக் கருவாடு உப்பை வாங்கவேயில்லை. முள் நடுவில் இரண்டாக முறிந்து கிடந்தது. முறிந்த இடத்தில் கறுப்பாக ஒரு கறை. தொட்ட இடத்தில் தசை முள்ளைவிட்டுப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உத்தியோகத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"எது யாருடையது, அம்மா?"

"முதலாவது நஸ்ரியின்ரை. சங்கம் பறிச்சு என்னட்டைத் தந்தது. ஒரு முள் முறிஞ்சிருந்தால் என்ரை கழுத்தை முறியுங்கோ. இரண்டாவது என்ரை."

"உங்களுக்கு எங்காலை வந்தது?"

"வாங்கினனான், ஐயா. இரண்டு கிழமையா. வெடி மீன் எண்டு தெரிஞ்சுதான் வாங்கினனான். முதல் என்ரை பேரை எழுதுங்கோ. பிறகு தந்தவன்ரை பேரைச் சொல்லுறன்."

இரத்தினசிங்கத்தின் வாயில் வெற்றிலை அசையாமல் நின்றது. நீங்கள் என்று பேசுகிறவர் அன்றைக்குத்தான் முதல் தரம் நீ என்றார்.

"புஸ்பராணி, நீ யோசிச்சுக் கதை."

"யோசிச்சுத்தான் இவ்வளவு நாளும் கதைக்காமல் இருந்தனான், அண்ணை. அது காணும்."

அவள் சிவரூபனின் பெயரைச் சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. முகவரியைச் சொல்வதுபோல, தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னாள். வாசலில் நின்ற சிவரூபன் சிரித்தான். இந்த மனுசிக்கு வெயிலில் மூளை காய்ந்துவிட்டது என்றான். யாரும் கூடச் சிரிக்காததைக் கண்டு சேட்டுக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு படியிறங்கினான். உத்தியோகத்தர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய் அவனுடைய வள்ளத்தில் வலையைத் தூக்கிப் பார்த்தார். அடியில் நாலு போத்தலும் ஒரு சுருள் திரியும் இருந்தன. வள்ளத்தையும் இன்ஜினையும் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போனார்கள்.

கடிதத்தை இரத்தினசிங்கம் நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நஸ்ரியைப் பார்த்து ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கதிரைகள் வெறுமையாகவே கிடந்தன. சனம் கலைந்து போகும்போது, அந்த நல்ல கருவாட்டை இனி யார் பங்கிடுவது என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்டுக்கொண்டு போனார்.

நஸ்ரிதான் வாசலில் அவளை மறித்தான். முகம் கறுத்திருந்தது.

"முள்ளப் பாத்த அண்டைக்கே உங்களுக்குத் தெரியும், என்ன?"

"ஓம்."

"அஞ்சு நாள். எங்கட ஊட்ல அஞ்சு நாள் அடுப்பு எரியல்ல, அக்கா."

அவன் தன்னுடைய கருவாட்டைக்கூட எடுக்காமல் போனான்.

அடுத்த கிழமை சங்கம் கூடி, வெடி மீன் வாங்கிய குற்றத்துக்காக மூன்று மாதம் புஸ்பராணிக்கு யாரும் மீன் கொடுக்கக்கூடாது என்று தீர்மானித்தது. அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். தண்டனை நியாயம்தான் என்றாள். அவளுக்குப் பெருவிரல் கூசியது வேறொன்றில். பிளேன்ரீக் கடையில் இரத்தினசிங்கம் தன் மச்சானின் விசயத்தை விளங்கப்படுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டாள். சிவரூபன் இப்போதைக்குச் சந்தேகநபர் மாத்திரம்தானாம். விசாரணை முடியுமட்டும் எவரையும் எதுவும் சொல்லக்கூடாதாம். ஆரையும் அவசரப்பட்டுப் பட்டம் கட்டுறது நாகரிகம் இல்லையாம். எவ்வளவு சுத்தமான தமிழ், எவ்வளவு பொறுமை. நஸ்ரிக்கு அரைமணித்தியாலம்கூடக் கிடைக்காத படிகள் எல்லாம் மச்சானுக்கு ஒவ்வொன்றாக முளைத்திருந்தன. அவள் கடையைக் கடந்து போகும்போது அவர் குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருந்தவருக்கு அவளைக் காட்டி, அந்தப் பழைய ஆங்கிலச் சொல்லைச் சொன்னார். அவருக்கு வசதியாக அது திரும்பக் கிடைத்துவிட்டது.

அவள் நின்றாள்.

"அண்ணை, எனக்கு அதைத் தமிழிலையே சொல்லுங்கோ. நான் செய்தனான். கேட்டுக்கொண்டு நிற்பன்."

அவர் வெற்றிலையைத் துப்புவதற்காக எழும்பிப் போனார்.

பின்பக்கத்துக் கருவாடு முழுவதையும் அவள் கிணற்றடிக்குப் பின்னால் கொட்டினாள். இரண்டு நாள் கிடந்தது. நாய் வந்து மணந்துவிட்டுப் போனது. அந்தக் கரையின் முதல் கல்பிறிட்டான காகம்கூடப் பனையில் இருந்து தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு, இதைத் தின்றால் தன் பெயருக்கு இழுக்கு என்பதுபோலப் பறந்துவிட்டதென்று அவள் ஆணையிட்டுச் சொல்லுவாள். கடைசியில் குழி தோண்டிப் புதைத்தாள்.

மூன்று மாதம் கழித்து ஆடியில் வாடி திறந்தது. அன்றைக்குப் புது வழக்கம் ஒன்றைத் தொடங்கினாள். யாருடைய வள்ளமானாலும் பெட்டியில் இருந்து தான் பொறுக்கிய ஒரு மீனை, கொண்டுவந்தவனின் முன்னாலேயே முதுகால் பிளந்து, முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். சிலருக்குக் கோபம் வந்தது; எங்களை நம்பவில்லையோ என்று கேட்டார்கள். இல்லை என்று நேராகவே சொன்னாள். தன்னை இன்னும் நம்பவில்லை என்பதைச் சொல்லவில்லை.

ஒரு காலை பெட்டியொன்று வந்து பாயில் இறங்கியது. நிமிர்ந்து பார்த்தாள். நஸ்ரி. இந்த மூன்று மாதமும் நிலாவெளிப் பக்கம் கொண்டுபோய் இறக்கியவன். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுடைய மீனையும் பிளப்பதா என்று அவளுடைய கை ஒரு கணம் நின்றது. உலகத்தில் பிளந்து பார்க்கத் தேவையில்லாத பெட்டி ஒன்று இருந்தால் அது இதுதான். ஆனால் இவனை விட்டுவிட்டு மற்றவர்களைப் பிளந்தால், நாளைக்கு அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள்.

அவள் ஒரு கட்டாவை எடுத்து, பெருவிரலால் அழுத்தி, முதுகால் பிளந்து விரித்தாள்.

"பாருங்க, அக்கா," என்றான் நஸ்ரி. சிரிக்கவில்லை. "நல்லாப் பாருங்க. இந்தத் தரம் அண்டைக்கே சொல்லுங்க."

முள் நேராக இருந்தது. கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி அவள் அதைச் சொன்னாள்.